அபிசீனியாவுக்குக் கப்பலேறிய குடும்பங்கள்: வெளிநாட்டில் குடியேறுவோருக்கு வரலாறு தரும் பாடங்கள்



காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் முதலிய நம் கடற்கரை ஊர்களில் 'சபர்' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. அரபியில் பயணம் என்று பொருள்படும் அச்சொல், நம்மவர் வழக்கில் பிழைப்புக்காகக் கடல் கடந்து செல்வதையே குறித்து வந்தது. அவ்வாறு சென்றவர் சபராளி. கொழும்பும் ரங்கூனும் பினாங்கும் சிங்கப்பூரும் சபராளிகளின் ஊர்களாக இருந்தன. 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளும் அவ்வரிசையில் சேர்ந்தன.

ஆனால் சபராளி என்றால் பெரும்பாலும் ஆண்தான். வாப்பா கடலுக்கு அப்பால். உம்மாவும் பிள்ளைகளும் ஊரில். மணியார்டரும் கடிதமும் பின்னாளில் ஒலிநாடாவும் இரு கரைகளையும் இணைத்தன. இன்று நிலைமை மாறிவருகிறது. கணவன், மனைவி, பள்ளி செல்லும் பிள்ளைகள் என்று குடும்பமாகவே பலர் புறப்படுகின்றனர். இப்பயணத்தில் நம் முன்னோரின் அனுபவம் பாதிதான் துணை செய்யும். எந்த ஊரில் எந்தச் சரக்கு விலை போகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அயல்நாட்டில் ஒரு பெண் தனித்துவிடப்பட்டால் என்ன செய்வாள், அங்கே வளரும் குழந்தை எந்த மொழியில் சிந்திக்கும் என்ற கேள்விகள் அவர்களுக்கு அரிதாகவே எழுந்தன.

அக்கேள்விகளுக்கு விடை தேட நாம் இன்னும் பின்னோக்கிச் செல்ல வேண்டும். இஸ்லாமிய வரலாற்றின் முதல் புலம்பெயர்வு, குடும்பங்களின் புலம்பெயர்வாகவே அமைந்தது. மதீனா ஹிஜ்ரத்துக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், கி.பி. 615-இல் அபிசீனியாவுக்குக் கப்பலேறியவர்களின் வரலாற்றை மார்க்க நெறியில் படித்திருக்கிறோம். ஒரு குடும்பத்தின் நடைமுறை வாழ்க்கை என்ற நோக்கிலும் அதைப் படிக்கலாம்.

எந்த நாடு என்ற கேள்வி

மக்காவில் கொடுமை தாங்க முடியாத நிலையில், நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு அபிசீனியாவைக் காட்டினார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம், அங்குள்ள மன்னரிடத்தில் எவருக்கும் அநீதி இழைக்கப்படுவதில்லை என்பதே. மன்னர் நஜ்ஜாஷி அப்போது கிறிஸ்தவர். மொழி வேறு, உணவு வேறு, வணங்கும் முறை வேறு. இருந்தும் நீதி ஒன்றே அந்நாட்டைத் தேர்ந்தெடுப்பதற்குப் போதுமான தகுதியாக அமைந்தது.

இன்று ஒரு வேலைவாய்ப்புக் கடிதம் வந்தவுடன் நம் கண் முதலில் செல்வது சம்பளத் தொகையின் மீது. அடுத்து அதை ரூபாயில் பெருக்கிப் பார்க்கிறோம். குடும்பத்தோடு செல்வோர் அதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. கணவரின் விசாவில் செல்லும் மனைவி அங்கே வேலை செய்யலாமா? வேலை பறிபோனால் குடும்பம் எத்தனை நாள் அங்கே தங்கலாம்? பிள்ளைக்குப் பள்ளியில் இடம் உறுதியா, கட்டணம் எவ்வளவு? மருத்துவக் காப்பீடு குடும்பத்துக்கும் உண்டா, தொழிலாளிக்கு மட்டுமா? முதலாளியோடு பிணக்கு ஏற்பட்டால் முறையிட ஓர் இடம் உண்டா? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னரே சம்பளத்தைப் பெருக்கிப் பார்ப்பது பயன் தரும்.

முதல் குழுவில் சென்றவர்கள் மிகச் சிலரே. பதினொரு ஆண்களும் நான்கு பெண்களும் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஆண்கள் பன்னிருவர் என்போரும் உண்டு. நபி (ஸல்) அவர்களின் மகளார் ருகையா (ரலி), அவர்களின் கணவர் உஸ்மான் (ரலி), அபூஸலமா (ரலி), அவர்களின் மனைவி உம்மு ஸலமா (ரலி) ஆகியோர் அவர்களுள் அடங்குவர். ஷுஐபா துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல்கள் அரை தீனார் கட்டணத்தில் அவர்களை ஏற்றிச் சென்றதாகக் குறிப்பு உள்ளது. அந்நாடு தங்குவதற்கு ஏற்றது என்று தெரிந்த பின்னரே எண்பதுக்கும் மேற்பட்ட ஆண்களும் அவர்களோடு பெண்களும் பிள்ளைகளுமாகப் பெருங்குழு சென்றது. முதலில் சிலர் சென்று பார்த்து, பின்னர் குடும்பங்கள் செல்லும் இம்முறை இன்றும் பொருந்தும். வேலைக்குச் செல்பவர் முன்னே சென்று, வீடும் பள்ளியும் உறுதியான பின் குடும்பத்தை அழைப்பது பல இன்னல்களைத் தவிர்க்கும்.

இரண்டு பயணங்களுக்கும் இடையே நிகழ்ந்த ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. மக்காவாசிகள் இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டனர் என்றொரு வதந்தி அபிசீனியாவை எட்டியது. அதை நம்பிச் சிலர் சில மாதங்களிலேயே திரும்பினர். மக்காவை நெருங்கியபோதுதான் செய்தி பொய்யென்று தெரிந்தது. கேள்விப்பட்டதை வைத்துக் கடல் கடப்பது எத்தகைய இடர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இன்று அவ்வதந்தி முகவரின் வாய்மொழியாக வருகிறது. 'போய்ச் சேர்ந்ததும் விசாவை மாற்றிக்கொள்ளலாம்', 'குடும்ப விசா மூன்று மாதத்தில் வந்துவிடும்' என்பவை எழுத்தில் இல்லாத வரை செய்தியாக மட்டுமே கொள்ளத்தக்கவை. இந்தியாவிலிருந்து வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்கள் 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றிருத்தல் கட்டாயம். அந்தப் பதிவை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் எவரும் சரிபார்க்கலாம்.

அரசவையில் நின்ற ஜஅஃபர் (ரலி)

குடியேறியவர்களைத் திரும்பப் பெற்றுவரக் குறைஷியர் இரு தூதர்களை அனுப்பினர். அம்ரு இப்னுல் ஆஸ் அவர்களுள் ஒருவர். அவர் அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. பதப்படுத்திய தோல்களை அன்பளிப்பாகச் சுமந்து வந்த அவர்கள், முதலில் அரசவையின் பெரியோர்களை வசப்படுத்தினர். ஆனால் மன்னர் ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்க மறுத்து, முஸ்லிம்களை அழைத்து விசாரித்தார்.

அங்கே அனைவரும் ஒரே நேரத்தில் பேசவில்லை. அபூதாலிபின் மகன் ஜஅஃபர் (ரலி) அவர்களைப் பேச்சாளராகத் தேர்ந்தெடுத்தனர். அவர் தம் மக்களின் நிலையையும், தாம் ஏற்ற நெறியையும், ஏன் இந்நாட்டைத் தேடி வந்தோம் என்பதையும் வரிசையாக எடுத்துரைத்தார். கேட்டபோது மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓதிக் காட்டினார். மறுநாள் ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய சிக்கலான கேள்வி எழுந்தபோதும் அவர்கள் நம்பிக்கையை மறைக்கவில்லை. பண்பு குறைந்தும் பேசவில்லை.

அயல்நாட்டில் நம் நிலையை நாமே தெளிவாக எடுத்துச் சொல்லும் ஆற்றல் வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம். அந்நாளில் அதற்கு நாவன்மை போதும். இந்நாளில் தாள்கள் பேச வேண்டியிருக்கிறது.

நம் சமுதாயத்துக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நம் பெயர்கள் ஒரே அரபுச் சொல்லிலிருந்து வந்தாலும், ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே மனிதருக்குப் பல எழுத்துக்கூட்டல்கள் நேர்ந்துவிடுகின்றன. 'முஹம்மது' என்ற பெயர் பள்ளிச் சான்றிதழில் ஒருவிதமாகவும் கடவுச்சீட்டில் இன்னொரு விதமாகவும் இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். முன்னெழுத்து மட்டும் எழுதும் தமிழ் வழக்கமும் இத்துடன் சேர்கிறது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் வெறுமையாக நிற்க, அயல்நாட்டு அலுவலகம் வாப்பாவின் பெயரை எங்கே சேர்ப்பது என்று கேட்கும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழிலுள்ள தந்தையின் பெயரும், தந்தையின் கடவுச்சீட்டிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

திருமணச் சான்றும் அவ்வாறே. ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு நம்மிடம் உண்டு. எனினும் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி அரசுப் பதிவும் செய்திருப்பது கடமை. குடும்ப விசாவுக்கு அச்சான்றே எளிதில் ஏற்கப்படும். பிறப்பு, திருமணம், கல்வி ஆகிய சான்றிதழ்களுக்கு அரசின் சான்றொப்பம் பெற வேண்டும். இந்தியா 2005-இல் இணைந்த ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாடுகளுக்கு 'அப்போஸ்டில்' முத்திரை போதும். ஏனைய நாடுகளுக்கு அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பமும் தேவை. இவ்வேலைகளை ஊரிலிருக்கும்போதே முடிப்பது எளிது. அங்கே சென்றபின் ஊரிலுள்ளவர்களை அலைக்கழிப்பது கடினம்.

கடவுச்சீட்டை எவரிடமும் ஒப்படைத்துவிடக் கூடாது. அது அரசின் உடைமை. முதலாளி பிடித்து வைக்கும் பொருள் அல்ல.

உம்மு ஹபீபா (ரலி) தனித்து நின்றபோது

அபூசுஃப்யானின் மகளார் உம்மு ஹபீபா (ரலி) தம் கணவருடன் அபிசீனியாவுக்குச் சென்றவர். அங்கே கணவர் மார்க்கத்தை விட்டு விலகியதாகவும், பின்னர் அங்கேயே இறந்ததாகவும் வரலாறு கூறுகிறது. சின்னஞ்சிறு மகள் ஹபீபாவுடன் அவர் அயல்நாட்டில் தனித்து நின்றார். தந்தையின் வீட்டுக்குத் திரும்பவும் வழியில்லை. தந்தையோ அப்போது முஸ்லிம்களுக்கு எதிரணியில் நின்றவர்.

அவரைத் தாங்கியவை அங்கிருந்த சமுதாயமும் நீதியுள்ள அரசும். நபி (ஸல்) அவர்கள் மணத்தூது அனுப்பியபோது, நஜ்ஜாஷி மன்னரே திருமணத்தை நடத்தி வைத்து, மஹராக 400 தீனாரைத் தம் பொருளிலிருந்து வழங்கினார். ஆதரவற்ற ஒரு பெண்ணின் தனிமை அவ்வாறு கண்ணியமாக முடிவுற்றது.

குடும்பமாகப் புறப்படும் ஒவ்வொருவரும் இவ்வரலாற்றை வீட்டில் பேச வேண்டும். கணவரைச் சார்ந்த விசாவில் செல்லும் பெண்ணின் சட்டநிலை முழுவதும் இன்னொருவரின் வேலையிலும் உயிரிலும் தொங்கி நிற்கிறது. மரணமோ மணமுறிவோ கணவரின் சிறைவாசமோ நேர்ந்தால், மறுநாள் காலையில் அவர் என்ன செய்ய வேண்டும்? எங்கே செல்ல வேண்டும்? பணம் எங்கே இருக்கிறது? பல வீடுகளில் இதற்கான விடை கணவருக்கு மட்டுமே தெரியும்.

ஆகவே, குடும்பத்தின் எல்லா ஆவணங்களின் படிகளும் மனைவியிடம் இருக்க வேண்டும். அவர் பெயரில் தனி வங்கிக் கணக்கு வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் கணக்கு வைத்திருப்பவர் இறந்தால், வாரிசு முடிவாகும் வரை கணக்கு முடக்கப்படுகிறது. இந்தியத் தூதரகம் எங்கே, அவசர எண் எது, வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் என்பவற்றை அவர் அறிந்திருக்க வேண்டும். அந்நாட்டு மொழியில் நான்கு வார்த்தை பேசவும், தனியே பேருந்தில் செல்லவும், மருத்துவரிடம் நோயைச் சொல்லவும் முதல் ஆறு மாதங்களுக்குள் பழகிக்கொள்வது நல்லது. பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணை ஒன்றும் அறியாதவராக வைத்திருப்பது அவரைப் பாதுகாப்பதாகாது.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு கட்டளையிடும் வசனமே (2:282) குர்ஆனில் மிக நீண்ட வசனம். வஸிய்யத் செய்ய வேண்டிய பொருளுடைய முஸ்லிம், அதை எழுதாமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்று நபிமொழி அறிவிக்கிறது. வீட்டிலிருப்பவர்க்கே இவ்வளவு வலியுறுத்தல் என்றால், கடல் கடந்திருப்பவர் இதைத் தள்ளிப்போடலாமா?

பிரிவுக்கு ஓர் எல்லை

எல்லோருக்கும் குடும்பமாகச் செல்லும் வாய்ப்பு அமைவதில்லை. சில நாடுகளில் சம்பளம் ஓர் அளவை எட்டினால்தான் குடும்ப விசா. இது புதிய துன்பம் அன்று. அபிசீனியாவிலிருந்து திரும்பிய அபூஸலமா (ரலி) மதீனாவுக்குப் புறப்பட்டபோது, உம்மு ஸலமா (ரலி) அவர்களை அவருடைய குலத்தார் தடுத்துக்கொண்டனர். கைக்குழந்தையைக் கணவரின் குலத்தார் பறித்துச் சென்றனர். ஏறத்தாழ ஓராண்டு, நாள்தோறும் ஊர்ப்புறத்தே சென்று அழுதவண்ணம் இருந்தார் அத்தாய். பின்னர் உறவினர் ஒருவரின் பரிவால் குழந்தை திரும்பக் கிடைத்தது. அவர் ஒட்டகமேறி மதீனா சென்றார். ஒரே குடும்பம் மூன்று திசைகளில் பிரிந்த அத்துயரை அவரே பிற்காலத்தில் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் இரவில் பாடிய ஏக்கப் பாடல் அவர்களின் செவியில் விழுந்தது. கணவனின் பிரிவை ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கேட்டறிந்து, படைவீரர் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு வரம்பு விதித்தார்கள். அவ்வரம்பு நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. பேரரசின் எல்லையைக் காத்தவர்களுக்கே ஆட்சியாளர் இவ்வாறு விதித்தார். நம் ஊர்களிலோ இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுப்பு என்பதைப் பல தலைமுறைகள் இயல்பாக ஏற்றுக்கொண்டன. வாப்பாவைப் புகைப்படத்தில் பார்த்து வளர்ந்த பிள்ளைகளும், இளமை முழுவதும் காத்திருப்பில் கழிந்த பெண்களும் இல்லாத தெரு நம்மிடையே இல்லை. பிரிவு தவிர்க்க முடியாததாயின், எத்தனை மாதம், எதற்காக, எப்போது முடியும் என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கடைத்தெரு எங்கே?

மதீனாவுக்குச் சென்ற பின் முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்தார்கள். அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு வாய்த்த சகோதரர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி). ஸஅத் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர்ரஹ்மான் அவருக்காக துஆ செய்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இங்கே கடைத்தெரு எங்கிருக்கிறது? கைனுகா சந்தைக்கு வழி காட்டினார்கள். அன்று பாலாடைக்கட்டியும் நெய்யும் ஈட்டித் திரும்பியவர், பின்னாளில் மதீனாவின் பெருவணிகர்களுள் ஒருவரானார்.

புதிதாகச் செல்வோர் உறவினர் வீட்டில் மாதக்கணக்கில் தங்குவதும், அதனால் உறவே கசந்துபோவதும் நாம் காண்பதே. வழிகாட்டலைக் கேட்டுப் பெறுவதில் இழிவில்லை. சுமையாகத் தங்கிவிடுவதில்தான் உறவு முறிகிறது. வீட்டு முன்பணம், பள்ளிக் கட்டணம், குளிர் நாடாயின் உடைகள், விசாக் கட்டணங்கள் என்று முதல் மூன்று மாதச் செலவு எப்போதும் கணக்கைத் தாண்டும். அத்தொகை கையிலிருந்தால் எவர் முகத்தையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை. ஊரில் நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் புறப்படுவது, பயணத்தின் பரக்கத்தைத் தொடக்கத்திலேயே இழப்பதாகும்.

மதீனாவின் காற்று வந்தவர்களுக்கு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) போன்றோர் காய்ச்சலில் விழுந்தனர். காய்ச்சல் தணிந்த வேளைகளில் பிலால் (ரலி) மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கு முளைக்கும் புற்களையும் நினைத்து ஏங்கிக் கவிதை பாடினார்கள். அடிமையாகக் கிடந்து வதைபட்ட ஊருக்காகவா ஏங்குவது என்று எவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஆயிஷா (ரலி) இதைச் சொன்னபோது, மக்காவைப் போன்றோ அதைவிட அதிகமாகவோ மதீனாவை எங்களுக்குப் பிரியமாக்குவாயாக என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் துஆ செய்தார்கள். ஊர் ஏக்கம் ஈமானின் குறைவன்று. முதலாண்டில் மனைவி சோர்ந்து கிடந்தாலும், பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தாலும், அதைக் குற்றமாக்காமல் நோயைப் போலக் கவனிக்க வேண்டும்.

உம்மு காலிதின் மேலாடை

அபிசீனியாவில் பிள்ளைகளும் பிறந்தனர். ஜஅஃபர், அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) தம்பதியரின் மகன் அப்துல்லாஹ் அங்கே பிறந்தவர். காலித் இப்னு ஸயீத் (ரலி) அவர்களின் மகளார் உம்மு காலித் (ரலி) அவர்களும் அங்கேயே பிறந்து, சிறுமியாக மதீனா வந்தவர்.

ஒருநாள் நபி (ஸல்) அவர்களிடம் கோலமிட்ட கறுப்பு மேலாடை ஒன்று வந்தது. இதை யாருக்கு அணிவிக்கலாம் என்று கேட்டுவிட்டு, உம்மு காலிதை அழைத்துவரச் செய்து தம் கையாலேயே அணிவித்தார்கள். ஆடையின் கோலத்தைச் சுட்டிக்காட்டி, 'ஸனா' என்றார்கள். அது அபிசீனிய மொழியில் 'அழகு' என்று பொருள்படும் சொல். புகாரியில் இடம்பெறும் இச்செய்தியை அறிவிப்பவரும் அதே உம்மு காலித்தான். முதுமை வரை அவர் அதை மறக்கவில்லை.

அயல்நாட்டில் வளர்ந்து வந்த சிறுமியை, அவள் அறிந்த மொழியின் ஒரு சொல்லால் வரவேற்றார்கள் அல்லாஹ்வின் தூதர். விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகளை 'தமிழே வரவில்லையே' என்று கேலி செய்யும் உறவினர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அவளுக்கு அரபியும் தெரிந்திருந்தது என்பதையும் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும். அவளுடைய வீடு தன் மொழியைக் கைவிடவில்லை.

நம் வரலாற்றிலும் இவ்விரு பக்கங்களும் உண்டு. மலாயாவில் தமிழ் முஸ்லிம் ஆண்களும் மலாய்ப் பெண்களும் மணந்து உருவான சமுதாயம் ஜாவி பெரானாக்கான் எனப்பட்டது. 1876-இல் சிங்கப்பூரிலிருந்து அதே பெயரில் அவர்கள் நடத்திய இதழ், மலாய் மொழியின் முதல் செய்தித்தாளாகப் போற்றப்படுகிறது. மண்ணின் மொழியை அவர்கள் அவ்வளவு ஆழமாகத் தமதாக்கிக்கொண்டனர். 1887-இல் அதே சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார். குடியேறிய நாட்டின் மொழியும் வேண்டும், தாய்மொழியும் வேண்டும். முன்னதைப் பள்ளி தரும். பின்னதை வீடுதான் தர வேண்டும். சாப்பாட்டு வேளையில் தமிழ், வாரம் ஒருமுறை ஊரிலுள்ள வாப்புச்சாவோடும் உம்மம்மாவோடும் பேச்சு, உறங்கும் முன் ஒரு கதை என்று எளிய ஒழுங்குகளே போதும். குர்ஆன் ஓதக் கற்பிப்பதும் முதல் மாதத்திலேயே தொடங்கினால் நிலைக்கும்.

வெளிநாட்டில் குழந்தை பிறந்தால் ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். குடியுரிமை இதைப் பொறுத்தது.

பள்ளிவாசலும் பக்கத்து வீடும்

பினாங்கில் கிழக்கிந்தியக் கம்பெனி 1786-இல் கால்பதித்து ஒரு தலைமுறை ஆவதற்குள், 1801-இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. காதர் முகைதீன் அச்சமுதாயத்தின் தலைவராக இருந்தார். சிங்கப்பூரில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826-இலும், அல்அப்ரார் பள்ளிவாசல் 1827-இலும் தோன்றின. அன்று அங்கு சென்றவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள். கையில் பெருஞ்செல்வமும் இல்லை. ஆயினும் அவர்கள் முதலில் தேடியது கூடித் தொழ ஓர் இடத்தை. நோயுற்றவரைப் பார்க்கவும், புதிதாக வந்தவருக்கு வேலை சொல்லவும், ஜனாஸாவை எடுத்து அடக்கவும் அவ்விடமே மையமாயிற்று.

புதிய ஊரில் வீடு தேடும்போது, பள்ளிவாசலுக்கு அருகில் என்பதை வாடகையோடு சேர்த்து எண்ணுங்கள். அங்குள்ள ஜனாஸா நிதியில் உறுப்பினராகுங்கள். தமிழரோடு மட்டும் ஒதுங்கிவிடாமல் பிற நாட்டு முஸ்லிம்களையும், முஸ்லிமல்லாத அண்டை வீட்டாரையும் அறிந்துகொள்ளுங்கள். நஜ்ஜாஷிக்கு எதிராக ஒருவன் கிளர்ந்தபோது, முஸ்லிம்கள் மன்னரின் வெற்றிக்காக துஆ செய்தனர். போரின் முடிவை அறிந்துவர இளைஞரான ஸுபைர் (ரலி) காற்றடைத்த தோற்பையைப் பற்றி நீந்தி நைல் ஆற்றைக் கடந்தார். அடைக்கலம் தந்த நாட்டின் நலனைத் தம் நலனாக அவர்கள் எண்ணினர்.

திரும்பும் வழி

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. தொடர்ந்த மாதங்களில் இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர். வழியில் மடிந்தோர் பலர். எஞ்சியிருந்தோரையும் பின்பு வந்தோரையும் 1964 தாக்கியது. அவ்வாண்டு பர்மிய அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியது. மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை ஆயின. தலைமுறைகளாகச் சேர்த்த பொருளை விட்டுவிட்டு வெறுங்கையோடு கப்பலேறியவர்களில் நம்மவர்களும் ஏராளம். சென்னை பர்மா பஜார் அவர்களின் நினைவுச்சின்னம்.

1990 ஆகஸ்ட் 2-இல் குவைத் ஆக்கிரமிக்கப்பட்டபோதும் அதுவே நேர்ந்தது. அம்மான் வழியாக 1 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் விமானங்களில் மீட்கப்பட்டனர். பின்னர் ஐ.நா. 1991-இல் அமைத்த இழப்பீட்டு ஆணையம், வெளியேறியதற்கான எளிய சான்று காட்டிய குடும்பங்களுக்கு 5,000 முதல் 8,000 டாலர் வரை வழங்கியது. அதற்கு மேற்பட்ட இழப்பைக் கோரியவர்கள் ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது. வேலை ஒப்பந்தமும் வங்கிக் கணக்குத் தாளும் எடுத்து வந்தோர்க்கு அது எளிதாயிற்று.

எனவே சேமிப்பு முழுவதையும் ஒரே நாட்டில் வைக்க வேண்டாம். ஆறு மாத வீட்டுச் செலவுக்கான தொகை ஊரில் இருக்கட்டும். ஊர் வங்கியிலுள்ள சாதாரணக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்குரிய கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். ஆவணங்களின் படிகள் ஊரிலும் ஒரு நம்பிக்கையான கையில் இருக்கட்டும்.

இரண்டு ஹிஜ்ரத்துகள்

ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 7-இல் ஜஅஃபர் (ரலி) தலைமையில் அபிசீனியக் குடும்பங்கள் மதீனா வந்து சேர்ந்தன. ஒருநாள் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களிடம், ஹிஜ்ரத்தில் நாங்கள் உங்களை முந்திவிட்டோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பேசினார்கள். அஸ்மா (ரலி) கோபமுற்றார்கள். நீங்கள் அல்லாஹ்வின் தூதருடன் இருந்தீர்கள். உங்களில் பசித்தவருக்கு அவர்கள் உணவளித்தார்கள், அறியாதவருக்கு அறிவுறுத்தினார்கள். நாங்களோ தொலைதூர அந்நிய மண்ணில் அச்சத்தோடு இருந்தோம் என்ற கருத்தில் மறுமொழி கூறினார்கள். நேரே நபி (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார்கள். உமருக்கும் அவர் தோழர்களுக்கும் ஒரு ஹிஜ்ரத். கப்பலில் வந்த உங்களுக்கு இரண்டு ஹிஜ்ரத்துகள் என்று விடை கிடைத்தது. கப்பலில் வந்தோர் அணியணியாக அஸ்மாவிடம் வந்து அச்செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டு மகிழ்ந்தனர்.

அந்த உரிமையைக் கேட்டுப் பெற்றவர் ஒரு பெண். ஜஅஃபரின் மனைவி என்பதற்காக அவருக்கு அது வழங்கப்படவில்லை. அவரும் கடல் கடந்தவர், அவரும் அஞ்சியவர், அயல் மண்ணில் பிள்ளை பெற்று வளர்த்தவர். விசாத் தாளில் மனைவியும் பிள்ளைகளும் 'சார்ந்திருப்போர்' என்று எழுதப்படலாம். அல்லாஹ்விடத்தில் ஒவ்வொருவரின் பயணமும் அவரவர் பெயரில் எழுதப்படுகிறது. எந்த நாடு, எவ்வளவு காலம், எப்போது திரும்புவது என்ற ஆலோசனையில் அவர்களுக்கும் இடமளித்துப் புறப்படுவதே நம் முன்னோரின் முதல் கப்பல் நமக்குக் காட்டும் வழி.

புறப்படும் குடும்பங்களுக்கு வல்ல அல்லாஹ் நீதியுள்ள நிலத்தையும், ஹலாலான ரிஸ்கையும், நல்ல அண்டை வீட்டாரையும், ஈமானோடு திரும்பும் வழியையும் தந்தருள்வானாக! ஆமீன்.